ரிப்பன் மாளிகை முதல் பெட்ரூம் வரை: ஒரே பாட்டு, பல ஸ்பீக்கர்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களும் 'அப்புறம்'களும் குறைக்கப்பட்டுள்ளன.)

போன மாசம் கேள்வி-பதில் எபிசோடு போட்டப்ப அதிகமா வந்த கேள்வி இதுதான்: "ப்ரோ, வீட்டுல ஹால், கிச்சன், பெட்ரூம் எல்லாத்துலயும் ஒரே பாட்டு ஒரே நேரத்துல ஓடணும். எதை வாங்கலாம்?" பதிலை ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா தேடப் போன இடத்துல எனக்குக் கிடைச்சது வேற. ஒரே இசையை ஒரே நேரத்தில் பல இடங்களில் கேட்க வைப்பது என்பது இந்த ஊர் நூறு வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கும் விஷயம். அதுல ஜெயிச்சவங்க இருக்காங்க, திவாலானவங்க இருக்காங்க, கோர்ட்டுக்குப் போனவங்களும் இருக்காங்க. அதனால இன்னைக்கு வரலாறு. என்ன வாங்கலாம்ங்கிறது கடைசியில வரும்.

உலக அளவில் இந்த ஆசை ரேடியோவுக்கும் முந்தையது. 1881-ல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்பவர் ஓபரா மேடையில் மைக் வைத்து, டெலிஃபோன் ஒயர் வழியாக வேறொரு கட்டடத்தில் இருந்தவர்களைப் பாட்டு கேட்க வைத்தார். 1906-ல் நியூயார்க்கில் தாடியஸ் காஹில் இன்னும் ஒரு படி மேலே போனார். டெல்ஹார்மோனியம் என்ற கருவி. எடை சுமார் 200 டன். நம்ம கீபோர்டுக்குக் கொள்ளுத்தாத்தானு வெச்சுக்கோங்க, ஆனா உள்ளே டைனமோக்கள் சுத்தும். அதில் ஒருவர் வாசித்தால் ஹோட்டல்களில், ரெஸ்டாரண்டுகளில் டெலிஃபோன் ஒயர் வழியாக இசை வரும். பக்கத்து ஒயரில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்து வந்ததுதான் பிரச்சினை. சில வருஷத்தில் கதை முடிந்தது. சந்தா கட்டி ஸ்ட்ரீமிங் கேட்கிற ஐடியா அப்பவே வந்தாச்சு.

இப்ப சென்னைக்கு வரலாம். 1924 மே 16. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவர் நண்பர்களும் சேர்ந்து மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒன்றைத் தொடங்குகிறார்கள். அந்த வருஷம் ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். திரும்பச் சொல்றேன், 40 வாட். பழைய குண்டு பல்பு ஒண்ணு எடுத்துக்கிற கரண்ட்டு. பிறகு 200 வாட்டுக்கு உயர்த்தினார்கள். பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி தொடங்குவது 1927 ஜூலையில்தான். அதாவது கம்பெனி என்று ஒன்று வருவதற்கு மூன்று வருஷம் முன்பே இங்கே ஆர்வலர்கள் கைக்காசைப் போட்டு ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். நம்ம மாதிரி ஆளுங்கதான். சைடு ப்ராஜெக்ட்.

சைடு ப்ராஜெக்ட்டுக்கு என்ன ஆகுமோ அதுவே இதுக்கும் ஆச்சு. காசு தீர்ந்தது. 1927-ல் கிளப் ஒலிபரப்பை நிறுத்திவிட்டு, டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டது. பெரும்பாலான ஸ்டார்ட்-அப் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். இது முடியவில்லை. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்த ஆரம்பித்தது. குப்பை அள்ளி, தண்ணீர் விட்டு, தெருவிளக்கு போடும் அதே கார்ப்பரேஷன். ரிப்பன் மாளிகையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழரை வரை நிகழ்ச்சி. கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டுப் பாடமும் தனி.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி, யார் கேட்டாங்கங்கிறதுதான். ரேடியோ பெட்டி அன்றைக்கு வசதியானவர்கள் வீட்டுப் பொருள். அதற்கு லைசென்ஸ் வேறு வேண்டும். அப்புறம் யாருக்காக ஒலிபரப்புவது? மாநகராட்சி கண்டுபிடித்த வழி ஒலிபெருக்கி. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஸ்பீக்கர் வைத்தார்கள். காற்று வாங்க வந்தவர், சுண்டல் விற்பவர், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் என்று எல்லோருக்கும் ஒரே கச்சேரி, ஒரே நேரத்தில், கட்டணம் இல்லாமல். இன்றைய மொழியில் சொன்னால் 'மல்டி-ரூம் ஆடியோ'. ரூமுக்குப் பதில் பார்க், அவ்வளவுதான். இதுக்கு ஒரு நகராட்சி வரிப்பணத்தைச் செலவு பண்ணுச்சுனு நினைக்கும்போது, இன்னைக்கு நம்ம பார்க்ல எட்டு மணிக்கு விசில் ஊதித் துரத்துறது ஞாபகம் வருது.

1938 ஜூன் 16-ல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில் ஒரு பங்களாவில் தொடங்கியதும் மாநகராட்சி வானொலி ஒதுங்கிக்கொண்டது. அதன் பிறகு எந்தப் பாட்டு எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் டெல்லிக்குப் போனது. அந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்பது 1952-க்குப் பிறகு தெரிந்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்கவில்லை. வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கியது. மக்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பாட்டு தமிழ்நாட்டு டீக்கடைகளை எல்லாம் பிடித்துக்கொண்டது. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்து 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியை ஆரம்பித்தது. ஒரு அமைச்சரோட ப்ளேலிஸ்ட்டை ஒரு நாடே ஸ்கிப் பண்ணுன கதை இது.

சரி, தாம்பரம் பக்கம் வருவோம். மாநகராட்சி ரேடியோ ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1931-ல், பீச் முதல் தாம்பரம் வரை மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-ல் கிறித்துவக் கல்லூரி பாரிமுனையை விட்டு இங்கே வந்தது. 1949-ல் குரோம்பேட்டையில் சி. ராஜம் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். அப்துல் கலாம் படித்தது அங்கே, எழுத்தாளர் சுஜாதா படித்ததும் அங்கே. எலெக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லே புதுசாக இருந்த காலத்தில் அதைப் பாடமாக வைத்த கல்லூரி. ரயிலும் கல்லூரியும் வந்ததும் குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், சிட்லபாக்கம் என்று வீடுகள் பெருகின. வீடு பெருகினால் ரேடியோ பெருகும்.

அந்தத் தலைமுறையிடம் பேசினால் எல்லோரும் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. தெரு முனையிலிருந்து வீடு வரை நடந்து வந்தால் ஒரு முழுப் பாட்டைக் கேட்டுவிடலாம். முதல் வீட்டில் பல்லவி, நடு வீட்டில் சரணம். ஒரு வரிகூட விட்டுப்போகாது. நாஸ்டால்ஜியாவை ஓரமா வெச்சுட்டு இன்ஜினியரா யோசிங்க. இருபது வீட்டு ரேடியோக்களும் கச்சிதமாக ஒத்துப் பாடியிருக்கின்றன! யாரும் 'சிங்க்' பண்ணவில்லை. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. பெட்டிக்குள் வந்ததும் காத்திருக்காமல் உடனே சத்தமாகிறது. நடுவில் பஃபர் கிடையாது.

இன்னைக்கு ஐபிஎல் பாருங்க. பக்கத்து வீட்டுல டிஷ், உங்க வீட்டுல ஆப். தோனி மட்டையை ஓங்கும்போதே பக்கத்து வீட்டுல கத்திடுவாங்க. உங்க ஸ்க்ரீன்ல பவுலர் அப்பதான் ஓடி வர ஆரம்பிப்பார். எல்லா விஷயத்துலயும் டெக்னாலஜி முன்னேறியிருக்கு, இதைத் தவிர.

ரேடியோவை விடுங்கள், மைக் செட்டைப் பார்ப்போம். ஆடி மாசம் கூழ் ஊற்றும் கோயிலில் கட்டுவார்களே, அந்தக் குழாய் ஸ்பீக்கர். சவுண்ட் சர்வீஸ்காரர் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு நாலு தெருவுக்கு, கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டிவிடுவார். எப்படி முடிகிறது? சாதாரண வீட்டு ஸ்பீக்கரை 200 மீட்டர் ஒயரில் மாட்டினால் சக்தியில் பெரும்பங்கு ஒயரிலேயே சூடாகப் போய்விடும். அதனால் அந்த ஆம்ப்ளிஃபயரில் '100 வோல்ட் லைன்' என்று தனி முனை இருக்கும். ஆம்ப்ளிஃபயர் வோல்டேஜை ஏற்றி அனுப்பும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக்கொள்ளும். வோல்டேஜ் ஏறினால் கரண்ட் குறையும், ஒயரில் இழப்பும் குறையும். நெய்வேலியிலிருந்து நமக்குக் கரண்ட் கொண்டுவர மின்வாரியம் செய்வதும் இதே வேலைதான். நம்ம சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஒரு குட்டி மின்வாரியம்.

அதில் ஒரு குறை உண்டு. ஒயருக்குள் சிக்னல் உடனே போய்விடும், காற்றில் சத்தம் மெதுவாக நடக்கும். நம்ம ஊர் வெயிலில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். பக்கத்துக் கம்பத்து ஸ்பீக்கருக்கும் தள்ளியிருக்கும் ஸ்பீக்கருக்கும் 35 மீட்டர் வித்தியாசம் என்றால் பத்தில் ஒரு நொடி தாமதம். அதனால்தான் அம்மன் பாட்டு 'தாயே... யே... யே' என்று இரட்டையாகக் கேட்கிறது. 1949-ல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். இரண்டு சத்தங்களுக்கு இடையில் ஏறக்குறைய 30 மில்லிசெகண்டுக்குள் வித்தியாசம் இருந்தால் மூளை ஒரே சத்தம் என்று எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் எதிரொலியாகப் பிரிய ஆரம்பிக்கும். இந்த 30 என்ற எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

(இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்கிற விதி 2000-ல் வந்தது. போர்டு எக்ஸாம் சமயத்தில் அந்த விதி யாருக்கெல்லாம் தெரியும் என்பது தனி எபிசோடு.)

வீட்டுக்குள்ளும் இதே கைவேலை நடந்தது. எண்பதுகளில், தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் வந்தது. அதன் பின்பக்கத்தில் 'எக்ஸ்டர்னல் ஸ்பீக்கர்' ஓட்டை இருந்தால் அந்த வீட்டுப் பையன் இன்ஜினியர் ஆகிவிடுவான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி, மண்பானை வாயில் கவிழ்த்து வைத்தால் பேஸ் கும்மென்று வரும். இன்னொன்றை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துச் சமையல்கட்டு அலமாரியில் வைப்பார்கள். ஹால்ல அப்பா கேசட் போட்டா, அடுப்படியில அம்மாவுக்கும் கேட்கும். வால்யூம் மட்டும் அப்பா கையில்.

இப்போது டிஜிட்டல். இங்கேதான் எல்லாம் கெட்டுப்போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒயர் இருந்தவரை எல்லா ஸ்பீக்கரையும் ஆட்டியது ஒரே மின்சாரம். ஒத்துப் போகாமல் இருக்க வழியே இல்லை. வைஃபை ஸ்பீக்கருக்கு வருவதோ பாக்கெட் பாக்கெட்டாக டேட்டா. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் தனித்தனி குவார்ட்ஸ் கடிகாரம். ரெண்டு மலிவான கடிகாரங்களுக்கு நடுவே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம். கேட்கச் சின்னதாக இருக்கும். கணக்குப் போடுங்கள்: ஒரு மணி நேரத்துக்கு 3600 நொடி, அதில் பத்து லட்சத்தில் 50 பங்கு என்றால் 180 மில்லிசெகண்ட். ஹாஸ் சொன்ன 30-ஐ பத்தே நிமிஷத்தில் தொட்டுவிடும். ரெண்டு ஸ்பீக்கரையும் சரியாக ஒரே நொடியில் ஆரம்பித்தாலும், நாலு பாட்டு முடிவதற்குள் ஹாலுக்கும் கிச்சனுக்கும் சண்டை வந்துவிடும்.

தீர்வு இணையம் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்ததுதான். 1985-ல் டேவிட் மில்ஸ் வகுத்த என்.டி.பி. என்ற நெறிமுறை, கணினிகள் தங்களுக்குள் மணி கேட்டுக்கொள்ளும் முறை. "மணி என்ன?" என்று கேட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அதில் பாதியைக் கூட்டிக்கொள்வது. ஸ்பீக்கர்களும் இப்படியே தலைமை ஸ்பீக்கரிடம் விடாமல் மணி கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துண்டு இசையின் மேலும் 'இதை இத்தனை மணிக்கு ஒலிக்கவும்' என்று முத்திரை இருக்கும். பிந்தினால் ஒன்றிரண்டு சாம்பிளை விழுங்கிவிடும், முந்தினால் ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்ளும். காதுக்குத் தெரியாது. கல்யாணப் பந்தியில எல்லா இலைக்கும் ஒரே நேரத்துல சாம்பார் விழணும்னா, பரிமாறுறவங்க எல்லாரும் ஒருத்தர் சாடையைப் பார்க்கணும் இல்லையா, அது மாதிரி.

இதைப் பொருளாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியது ஸ்லிம் டிவைசஸ். 2001-ல் ஷான் ஆடம்ஸ் செய்த ஸ்லிம்பி3, பிறகு 2003-ல் ஸ்க்வீஸ்பாக்ஸ். சர்வர் மென்பொருளைத் திறந்த மூலமாக வைத்தார்கள். 2002-ல் தொடங்கிய சோனோஸ் தன் முதல் கருவியை 2005-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆப்பிள் 2004-ல் ஏர்ட்யூன்ஸ், கூகுள் 2015-ல் குரோம்காஸ்ட் ஆடியோ. மற்றவர்களைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம், ஏன்னா கதை இனிமேதான் சூடு பிடிக்குது.

2020 ஜனவரியில் சோனோஸ் கூகுள்மேல் பேட்டன்ட் வழக்கு போட்டது. 2022 ஜனவரியில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் சோனோஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விளைவு என்ன தெரியுமா? எல்லா ஸ்பீக்கர் வால்யூமையும் ஒரே நேரத்தில் ஏற்றி இறக்கும் வசதியை, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டிலிருந்து கூகுள் எடுத்துவிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கராகத்தான் குறைக்க முடியும் என்று ஆனது. நீங்கள் வாங்கிய பொருள், உங்கள் ஹாலில் இருக்கிறது. அது என்ன செய்யும் என்பதை வாஷிங்டனில் ஒரு ஆணையம் மாற்றுகிறது.

சோனோஸ் மட்டும் யோக்கியமா? 2020 ஜனவரியில் பழைய கருவிகளுக்கு இனி அப்டேட் கிடையாது என்று அறிவித்து வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 2024 மே மாதம் ஆப்பை மொத்தமாக மாற்றி எழுதி, இருந்த வசதிகளைத் தொலைத்தது. அந்தக் களேபரத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். குரோம்காஸ்ட் ஆடியோவை 2019-லேயே நிறுத்தியாகிவிட்டது. 2025 மார்ச்சில் ஒரு நாள் உலகம் முழுக்க மிச்சமிருந்த குரோம்காஸ்ட் ஆடியோக்கள் திடீரென்று ஊமையாகின. காரணம், உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது. பத்து வருஷம் கழித்து இது நடக்கும் என்று தயாரித்த அன்றைக்கே எழுதி வைத்த தேதி அது. சில நாளில் கூகுள் சரிசெய்துவிட்டது, உண்மை. சரிசெய்யாமல் விட்டிருந்தால் நாம் என்ன செய்திருக்க முடியும்? தேதி முடிந்த பால் பாக்கெட்டாவது திரிந்து தயிராகும்.

ஸ்க்வீஸ்பாக்ஸ் கதை இதுக்கு நேர்மாறு. 2006-ல் லாஜிடெக் வாங்கி, 2012-ல் நிறுத்திவிட்டது. கம்பெனி கைவிட்டும் கருவிகள் இன்றும் பாடுகின்றன. சர்வர் மென்பொருள் எல்லோர் கையிலும் இருந்ததால் பயனர்களே அதைத் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். இப்போது அதன் பெயர் லிரியான். கிளப் கைவிட்ட டிரான்ஸ்மிட்டரை கார்ப்பரேஷன் எடுத்து நடத்தியது போலத்தான் எனக்கு இது தெரிகிறது. எடுத்து நடத்தக்கூடிய வடிவத்தில் பொருள் இருந்தது, அதனால் நடந்தது.

நம்ம பக்கத்துல இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடையாறு பொங்கி, கீழ்த்தளம் மூழ்கி, கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஃபோனில் ஆயிரம் பாட்டு ஆப் இருந்தாலும் ஒரு தகவல் உள்ளே வராது. அன்றைக்கு வேலை செய்யக்கூடிய ஒரே வகைப் பெட்டி, இரண்டு பேட்டரி போட்ட எஃப்.எம். ரேடியோ. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் இந்த ஊரில்தான் தொடங்கியது என்பதை ஒரு பெருமைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சரி, என்ன வாங்கலாம்? என் சிபாரிசு: ஸ்பீக்கரை ஊமையாக வாங்குங்கள், மூளையைத் தனியாக வையுங்கள். வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருந்தால் அதுவே போதும். ஒரு ரூமுக்கு ஒரு ராஸ்பெர்ரி பை மாதிரி குட்டிக் கணினி. எல்லாவற்றிலும் ஸ்னாப்காஸ்ட் என்ற இலவச மென்பொருள். அது ஒரு நொடி பஃபர் வைத்துக்கொண்டு எல்லா ரூமையும் ஒரு மில்லிசெகண்டுக்குள் ஒத்துப் பாட வைக்கும். ஒரு மில்லிசெகண்ட் என்றால் காற்றில் சத்தம் 35 சென்டிமீட்டர் நடக்கும் நேரம். நீங்கள் சோஃபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் வரும் வித்தியாசம் அதைவிட அதிகம். ஸ்ட்ரீமிங் சந்தா இருந்தால் அதையும் இதற்குள் விடலாம், ஆனால் பிடித்த பாட்டுகளை ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஃபைலாக வையுங்கள். இன்டர்நெட் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கும்வரை பாடும்.

நம்ம ஊர் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வீடுகளில் ஒன்பது இஞ்ச் செங்கல், மேலே கான்கிரீட் கூரை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவர் தாண்டும், ரெண்டாவதில் தள்ளாடும், மாடிக்குப் போகாது. 2.4 தாண்டிவிடும், ஆனால் அபார்ட்மெண்டில் பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் அதே இடத்தில் நெரிசலில் நிற்கும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், எலெக்ட்ரீஷியன் பைப் போடும்போதே ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு லேன் கேபிள் இழுக்கச் சொல்லுங்கள். அவர் "எதுக்கு சார், எல்லாம் வைஃபைதானே"ன்னு கேட்பார். இழுக்கச் சொல்லுங்க.

அப்புறம் வால்யூம். ரூமுக்கு ரூம் தனி வால்யூம் வையுங்கள், அது அந்த ரூமில் இருப்பவர் கைக்கு எட்டும் திருகாக இருக்கட்டும். ஃபோனுக்குள் மட்டும் இருந்தால் ஃபோன் வைத்திருப்பவர் ராஜ்ஜியம்தான். பாட்டிக்கு ஆப் தெரியாது, திருகு தெரியும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்தத் திருகு பத்து, இருபது ரூபாய்க்குள்தான் இருக்கும். 'பத்து கே பாட்' என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.